மாதபா வரைபடத்தை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது
"ஆதி கிறிஸ்தவ நாடுகளைக் காட்டும் பழைய வரைபடங்கள் பக்திக்காகச் செய்த அலங்காரம், இடங்களை அறிய உதவாது" என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வரைபடக் கலைஞர் ஓர்டேலியஸ் 1579இல் வெளியிட்ட, திருத்தூதர் பவுலின் பயண வரைபடத்துக்கு இது ஓரளவு பொருந்தும், சரி. பவுலுக்கு 1500 வருஷம் கழித்து, ஐரோப்பாவில் ஆன்ட்வெர்ப் நகரில் வரைந்தது அது. ஆனால் யோர்தான் நாட்டு மாதபாவில், புனித ஜார்ஜ் தேவாலயத் தரையில் சிறு வண்ணக் கற்களால் பதித்த மொசைக் வரைபடம் 6ஆம் நூற்றாண்டில் அங்கேயே வாழ்ந்தவர்கள் பதித்தது. எருசலேமில் பைசாண்டியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டுவித்த பெரிய மாதா கோயில் அதில் தெளிவாக இருக்கிறது. 1970களில் தோண்டியபோது அந்தக் கோயிலின் அடித்தளம் அதே பக்கத்தில்தான் கிடைத்தது. தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய வீதியும் அப்படியே. நகரின் வடக்கு வாசலுக்குள் ஒற்றைத் தூண் ஒன்று காட்டியிருக்கிறார்கள். தூண் இன்று இல்லை, ஆனால் அரபு மக்கள் அந்த வாசலை இன்றும் 'தூண் வாசல்' என்றுதான் சொல்கிறார்கள்! இந்த வரைபடத்தில் வடக்கு ஏன் மேலே இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். இதில் கிழக்குதான் மேலே. பலிபீடமும் கிழக்கே இருப்பதால், அதை நோக்கி நின்றால் தரையில் உள்ள திசையும் வெளியே உள்ள திசையும் ஒன்றாகிவிடும். நான் அங்கே போனபோது அதிக நேரம் பார்த்தது வரைபடத்தின் யோர்தான் நதியில் பதித்திருக்கும் மீனைத்தான். சாக்கடலின் உப்புக்குத் தப்பி எதிர்நீச்சல் போட்டுத் திரும்புகிறது. அந்தத் தண்ணீரை நேரில் அறிந்த கைதான் அப்படிப் பதித்திருக்கும்.