பவர் சப்ளைக்கு மட்டும் ஏன் மிச்சக் காசு?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் தேர்ந்தெடுப்பது பெரும் எரிச்சல். யாரைக் கேட்டாலும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். பணத்தை எல்லாம் அதில் கொட்டச் சொல்லிவிட்டு, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையை மட்டும் மிச்சக் காசுக்கு, பெயர் தெரியாததாகத் தலையில் கட்டுகிறார்கள். பெட்டியில் 600 வாட் என்று அச்சடித்தால் போதுமா? கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அதில் எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்று கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார்! புயல் மாதங்களில் இங்கே மின்சாரம் போய்ப் போய் வருவதை இவர்கள் அறியாதவர்களா?

கடற்காற்று ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிறது, மதர்போர்டை விட்டுவைக்குமா? ஆனால் பரிந்துரைப்பதோ முன்பக்கம் முழுவதும் திறந்த, விளக்குகள் மின்னும் கேபினட். மணல்தூசியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறதா என்றால் பதிலே இல்லை.

ரேம் விஷயம் இன்னும் மோசம். ஏஎம்5 (ஏஎம்டி பிராசஸர்களுக்கான சாக்கெட்) மதர்போர்டில் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் மட்டுமே பொருந்தும். முந்தைய தலைமுறையான டிடிஆர்4 ரேமில், ஸ்லாட்டில் பொருந்த வேண்டிய வெட்டுப்பள்ளமே வேறு இடத்தில் இருக்கிறது. இதைக்கூடப் பார்க்காமல் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிக் கொடுக்கிறார்கள். நம்பி வாங்கினால், மாற்றுவதற்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியவர்கள் நாங்கள்தானே?