முதலில் பிள்ளை குடிப்பதைப் பாருங்கள், எடையைப் பிறகு பேசலாம்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு எடை ஏறவில்லை என்ற செய்தி வீட்டுக்குள் வந்த மறுநிமிடமே, குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் அதைப் பெற்றவள்தான். "பால் பத்தலையோ என்னவோ" என்று ஒருவர் தொடங்குவார். "பால் தண்ணியாத்தான் இருக்கு, நான் அன்னிக்கே சொன்னேன்" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். மாலைக்குள் மருந்துக் கடையிலிருந்து பால்மாவு டப்பா வந்து இறங்கிவிடும். குழந்தை மார்பில் வாய் வைத்ததிலிருந்து தானாக விட்டு விலகும் வரை, விஷயம் தெரிந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்தாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை கிடைக்காத வரை, ஒரு தாயிடம் பால் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை மருத்துவர் உட்பட எவருக்கும் இல்லை என்பது என் கருத்து.

அண்மையில் என் தங்கைக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 2.900 கிலோ. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது 2.680. அதற்கு ஒரு வாரம் கழித்து 2.720. "பொறந்த எடைகூட இன்னும் வரலையே" என்று சம்பந்தியம்மா பதறினார். என் அம்மாவோ யாருடைய கண் பட்டது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். இந்த மூன்று எண்களையும் எப்படி வாசிப்பது என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை இழப்பது இயல்பு. உடலில் இருக்கும் கூடுதல் நீர் வெளியேறுகிறது, கருமலம் கழிகிறது, அந்நாட்களில் சுரக்கும் சீம்பாலும் அளவில் கொஞ்சம்தான். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது பல குழந்தைகளிடம் காணப்படுவதுதான்; 10 விழுக்காட்டை எட்டினாலோ தாண்டினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரசவத்தின்போது தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏற்றப்பட்டிருந்தால், அந்த நீரில் ஒரு பங்கு குழந்தையின் உடலிலும் சேர்ந்து பிறந்த எடையைச் சற்று உயர்த்திக் காட்டுவதும் உண்டு. அது சிறுநீராகக் கழியும்போது இழப்பு பெரிதாகத் தெரியும். இழந்த எடையைப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் திரும்பப் பெற்று, அதன் பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் குழந்தை நன்றாக வளர்கிறது என்று பொருள். எனவே கணக்கைத் தொடங்க வேண்டியது பிறந்த எடையிலிருந்து அல்ல, இறங்கி நின்ற எடையிலிருந்து. அப்படிப் பார்த்தாலும் எங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்த வாரத்தில் 140 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறியது 40 கிராம். ஆகவே வீட்டார் பயந்ததில் தவறில்லை.

எடை பார்ப்பதிலும் நாம் காட்டும் அலட்சியம் கொஞ்சமல்ல. மருத்துவமனையில் ஒரு தராசு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறொரு தராசு. அங்கே வெற்றுடம்போடு, இங்கே சட்டை, தொப்பி, நனைந்த டயப்பருடன். நனைந்த டயப்பர் ஒன்றே ஒரு வாரத்து வளர்ச்சியைக் கூட்டியோ மறைத்தோ காட்டப் போதுமானது. ஒரே தராசில், துணியில்லாமல், வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். மருத்துவர் சொல்லாத வரை, எடைக் கருவியை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பிள்ளையைக் கிடத்திப் பார்ப்பது, பச்சை உடம்புக்காரியின் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் வேலையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம், பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. அதற்கு முன் உலகெங்கும் புழங்கிய வரைபடம், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளைக் கொண்டது. அதில் வைத்துப் பார்த்தபோது, நலமாக இருந்த தாய்ப்பால் குழந்தைகள்கூடச் சில மாதங்களில் பின்தங்குவதாகத் தெரிந்தார்கள். இன்று நம் கையில் இருப்பது சரியான வரைபடம். அதில் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

எங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தபோது, எண்கள் எழுதிய தாளை நீட்டினோம். அவர் அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். "ஏம்மா, இது இருக்கட்டும். பிள்ளைக்கு என் முன்னால ஒரு தடவ பால் குடு, பாக்குறேன்" என்றார். தங்கை குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தான் குனிந்து மார்பை அதன் வாயருகே கொண்டுபோனாள். குழந்தையின் முகம் தாயைப் பார்த்தும், உடல் கூரையைப் பார்த்தும் இருந்தது. காம்பு மட்டுமே வாய்க்குள் போயிற்று. தாடை மார்பைத் தொடவில்லை. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கன்னம் குழிந்தது, நாக்கு சப்புக்கொட்டும் ஓசை கேட்டது. ஐந்து நிமிடத்தில் கண் செருகிவிட்டது. "வயிறு நெறஞ்சு தூங்கிருச்சு" என்றார் அம்மா. "இல்லம்மா, களைச்சுப்போய்த் தூங்குது. முழுங்குற சத்தம் எங்கயாவது கேட்டுச்சா?" என்றார் செவிலியர். எங்கள் எவருக்கும் கேட்டிருக்கவில்லை.

பிறகு அவர் செய்தது மிக எளிய காரியம். வயிற்றுத் தையலில் படாதபடி குழந்தையைத் தாயின் கக்கத்துக்குக் கீழே இடுக்கினாற்போல் வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தாய் குனியாமல் குழந்தை மார்புக்கு வருமாறு செய்தார். காம்பால் மேலுதட்டை வருடி, வாய் அகலமாகத் திறக்கும் வரை காத்திருந்து, திறந்த நொடியில் குழந்தையை நெருக்கி அணைத்தார். இம்முறை காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருந்தது. கீழுதடு வெளிப்புறம் மடிந்து, தாடை மார்பில் புதைந்திருந்தது. முதலில் வேகமான சிறு உறிஞ்சல்கள், பின் தாடை ஆழமாக இறங்கி ஒரு கணம் நின்று ஏறியது, 'க்க' என்று ஓர் ஓசை. அதுதான் விழுங்குவது. அதன் பிறகு அந்த ஓசைக்காகவே வீட்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதில் இன்னொன்றும் வெளிப்பட்டது. குழந்தையை இரண்டு சுற்றுத் துணியில் இறுகச் சுற்றி வைத்திருந்ததால் கதகதப்பில் அது தூங்கிக்கொண்டே இருந்தது. "தூங்குற பிள்ளையை எழுப்பக் கூடாது" என்று இரவில் ஐந்து மணி நேரம் வரை விட்டிருந்தோம். தொடக்க வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டிய குழந்தை அது. எடை ஏறத் தொடங்கும் வரை, தூங்கினாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை துணியைத் தளர்த்தி, உள்ளங்காலை வருடி எழுப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் மறுபக்கம் மாற்றவும் கூடாது. ஒரு பக்கம் காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு மிகுந்த பால் வரும். முதலில் வருவது நீர்த்திருப்பது இயல்பு. அதைப் பீய்ச்சிப் பார்த்துவிட்டுத் 'தண்ணிப்பால்' என்று பெயர் சூட்டுவது தாயை நோகடிப்பதில்தான் முடியும்.

வயிறு நிறைகிறதா என்பதை எடைக்கும் முன்னால் சொல்லிவிடுவது துணிதான். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும். கருமலம் மாறி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள் மலம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, செங்கல் பொடி போன்ற கறை துணியில் தெரிந்தாலோ பால் போதிய அளவு உள்ளே போகவில்லை. (துணி துவைத்த காலத்துப் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்தது, டயப்பர் வந்த பிறகு எத்தனை முறை நனைந்தது என்றே தெரிவதில்லை.)

இதற்கு நேர்மாறாக நம் வீடுகளில் நடப்பவை வேறு. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், உரை மருந்து என்று ஒவ்வொன்றாகக் குழந்தையின் வாய்க்குப் போகிறது. அந்தச் சிறு வயிற்றில் இவை பாலுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தேனோ, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயைத் தரக்கூடியது. தாய்க்குச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் தருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ருசியாக இருக்கும், உடம்பும் தேறும். ஆனால் பாலைச் சுரக்க வைப்பது, மார்பிலிருந்து பால் திரும்பத் திரும்ப வெளியேறுவதுதான். சுறா எவ்வளவு தின்றாலும், பிள்ளை சரியாக உறிஞ்சாவிட்டால் சுரப்பு குறைந்துகொண்டே போகும். பத்தியம் என்ற பெயரில் தாகமெடுத்தாலும் தண்ணீர் தராமல் அவளை வாட்டுவதை மட்டும் இனியாவது நிறுத்த வேண்டும்.

பால்மாவு டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தங்கையின் டிஸ்சார்ஜ் தாளில், மருந்துகளுக்குக் கீழே, ஒரு பால்மாவின் வணிகப் பெயர் "தேவைப்பட்டால்" என்ற குறிப்போடு எழுதப்பட்டிருந்தது. எப்போது தேவைப்படும், எவ்வளவு, எத்தனை நாள் என்ற விவரம் எதுவுமில்லை. 1992இல் நிறைவேற்றப்பட்டு 2003இல் கடுமையாக்கப்பட்ட சட்டம், குழந்தைப் பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் இந்நாட்டில் தடை செய்கிறது. அப்படியிருக்க, ஒரு நிறுவனத்தின் பெயர் மருந்துச் சீட்டில் ஏறிக்கொள்வதை நான் அற்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்மாவு கொடுத்த குழந்தை அடுத்த வேளை மார்பைத் தேடாது. தேடாததால் சுரப்பு குறையும். குறைந்ததைக் காட்டி டப்பா இன்னும் ஒரு கரண்டி கூடும். இரண்டு வாரத்தில் 'பால் இல்லை' என்பது உண்மையாகவே ஆகிவிடும்.

ஆனால் எல்லாத் தாய்க்கும் பால் தானாக வந்துவிடும், மனசுதான் காரணம் என்று அறிவுரை சொல்லும் தாய்ப்பால் ஆர்வலர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிரசவத்தில் மிகுதியான ரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துணுக்கு, தைராய்டு குறை, நீரிழிவு, மார்பு அறுவை சிகிச்சை, பால் சுரப்பித் திசுவே போதுமான அளவு வளராமை என்று பால் தாமதமாகவோ குறைவாகவோ வர மெய்யான காரணங்கள் உண்டு. சில வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சும் வலு இராது. நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கலாம். இதயக் கோளாறு இருந்தால் குடிக்கும்போதே வியர்த்து மூச்சு வாங்கும். தொற்றோ மஞ்சள் காமாலையோ இருந்தால் எழுப்பவே முடியாதபடி தூங்கும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கினாலோ, காய்ச்சலடித்தாலோ, உடல் சில்லிட்டாலோ, எந்த விவாதமும் வேண்டாம், இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நீரிழப்பால் ரத்தத்தில் உப்பு ஏறிய குழந்தைக்கு முன்னால் கொள்கை பேசுவது பாவம்.

கூடுதல் பால் தேவைப்படும் குழந்தைக்கு முதலில் தாயின் பாலையே பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். என் தங்கை அதைத்தான் செய்தாள், சில வாரங்களில் கோடு மேலே ஏறத் தொடங்கியது. அது போதாதபோது தாய்ப்பால் வங்கி உண்டு. மும்பை சயான் மருத்துவமனை 1989லேயே அதைத் தொடங்கிக் காட்டியது. அதுவும் கிடைக்காதபோது பால்மாவு. அப்போது அது மருந்து; மற்ற மருந்துகளைப் போலவே அதற்கும் காரணமும் அளவும் நிறுத்தும் தேதியும் எழுதப்பட வேண்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்போர் 55 விழுக்காடு, அகில இந்திய அளவான 63.7ஐவிடக் குறைவு. மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டுக்கே முன்னோடியான மாநிலத்தின் நிலை இது. அறுவை சிகிச்சை முடிந்து வலியோடு படுத்திருப்பவளுக்குப் பால் இறங்கவே ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும் என்பது மருத்துவமனைக்குத் தெரியாததல்ல. ஆகவே என் கோரிக்கை, அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல், ஒவ்வொரு டிஸ்சார்ஜ் தாளிலும் மூன்று விவரங்கள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே: வீட்டுக்கு அனுப்பும் நாளின் எடையும் அது பிறந்த எடையில் எத்தனை விழுக்காடு குறைவு என்பதும், குழந்தை பால் குடிப்பதை முழுமையாக உட்கார்ந்து பார்த்த செவிலியரின் கையொப்பம், அடுத்த மூன்று நாட்களுக்குள் மறுபடி எடை பார்க்க வர வேண்டிய தேதி.