கொரோனாக் காலக் குழந்தைகள்: ஒரு திருத்தம்

கொரோனாக் கிருமி 2020இல் பிறந்த குழந்தைகளின் மூளையை நிரந்தரமாகப் பாதித்துவிட்டதாக நியூயார்க் ஆய்வு ஒன்று நிரூபித்தது என்று ஒரு பதிவில் படித்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2022 ஜனவரியில் வெளியிட்ட அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தாய்மார் நிரப்பிய கேள்வித்தாளைக் கொண்டு 255 குழந்தைகளின் ஆறாம் மாத வளர்ச்சியை மதிப்பிட்டபோது, கர்ப்பக் காலத்தில் தொற்று ஏற்பட்டவர்களின் குழந்தைகளுக்கும் ஏற்படாதவர்களின் குழந்தைகளுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. பெருந்தொற்றுக்கு முன் பிறந்தவர்களோடு ஒப்பிடுகையில்தான், இரு தரப்பினருக்கும் உடலசைவிலும் பழகும் திறனிலும் மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தது. எனவே, தாயின் மன அழுத்தம் உள்ளிட்ட அன்றைய சூழலையே ஆய்வாளர்கள் காரணமாகக் கருதினர். ஆறு மாத மதிப்பெண்ணை வைத்து நிரந்தரப் பாதிப்பு என்று முடிவு கட்டவும் இயலாது.

அயர்லாந்தில், ஊரடங்கின்போது பிறந்த குழந்தைகள் ஓராண்டு நிறைவில் பொருளுள்ள ஒரு சொல்லைச் சொல்வதிலும், விரலால் சுட்டுவதிலும், டாட்டா காட்டுவதிலும் சற்றுப் பின்தங்கியிருந்தனர், தவழ்வதிலோ முந்தியிருந்தனர். விருந்தினர் வந்துபோகாத வீட்டில் டாட்டா காட்டக் குழந்தை யாரைப் பார்த்துக் கற்கும்?

எனக்குள்ள உண்மையான கவலை வேறு. பேச்சு வராத பிள்ளையைக் "கொரோனாப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று நம் சென்னையிலேயே பெற்றோர் விட்டுவிட்டால், செவித்திறன் குறைபாடோ ஆட்டிசமோ கண்டறியப்படாமல் போகலாம். ஐயமுள்ளவர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ தாமதமின்றிக் காட்டுங்கள்.