கால் அளவு ஐந்து, கொடுத்த ஷூ எட்டு

அக்கா மகள் அடுத்த வாரம் என்சிசி (தேசிய மாணவர் படை) முகாமுக்குக் கிளம்புகிறாள். நேற்று, அவளுக்குக் கொடுத்த ஷூவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இரண்டு அளவு பெரியது. "பஞ்சு வெச்சுப் போட்டுக்கச் சொல்றாங்க சித்தி" என்றாள். பதினான்கு வருடம் கழித்தும் அதே பஞ்சு! மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

என் முதல் முகாம் பத்து நாள். என் கால் அளவு ஐந்து, கொடுத்த ஷூ எட்டு. எங்கள் கல்லூரியின் அளவுப் பட்டியல் ஒரு மாதம் முன்பே போயிருந்தது. அதை எழுதியவளே நான்தான். இருப்பது இதுதான் என்றார்கள். இரண்டு சாக்ஸ் மாட்டி, முனையில் பஞ்சு அடைத்து, 'தேஜ் சல்' என்ற கட்டளைக்கு வேகநடை நடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றியபோது குதிகால் தோலும் கூடவே வந்தது. டிரில் போட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

கால் ஆறிவிட்டது. ஃபயரிங் (துப்பாக்கி சுடும் பயிற்சி) அன்று நடந்தது இன்னும் ஆறவில்லை. என் பெயரிலேயே வேறு கல்லூரிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். இனிஷியல் மட்டும்தான் வேறு. நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் இனிஷியலை விட்டுவிட்டார். ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதே என்று யாரோ ஒன்றை அடித்தும்விட்டார்கள். பாயின்ட் டூ டூ ரைபிளைத் தொடப்போகிறோம் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவளை, "நீ சுட்டாச்சே, போ" என்று வரிசையிலிருந்து அனுப்பினார்கள். அந்தப் பெண் ராத்திரி என்னைத் தேடி வந்து அழுதாள். அவள் மேல் என்ன தப்பு?

என்சிசியின் பி சான்றிதழ் தேர்வு எழுத முகாம் முடித்திருக்க வேண்டும். காகிதத்தின்படி நான் முகாமிலேயே இல்லை! எங்கள் கல்லூரியில் என்சிசியைக் கவனிக்கும் ஆசிரியையான ஏஎன்ஓ மேடம் மூன்று முறை அலைந்துதான் அதைச் சரிசெய்தார். அதற்கு அடுத்த சி சான்றிதழில் பி கிரேடாவது இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்முகம் வழியாகப் பரங்கிமலை ஓடிஏவுக்கு (ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம்) போக வழியுண்டு. அதை நம்பிச் சேர்கிற கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! விட்டுப்போன ஒரு எழுத்து அவர்களுடைய ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

கஷ்டம் பழகத்தானே முகாம் என்பார்கள். விடியுமுன் எழுவதும், தரையில் படுப்பதும், வெயிலில் நிற்பதும் கஷ்டம்தான். அதையெல்லாம் ஆசையாகச் செய்தோம். எனக்கு என்சிசி மேல் இன்றும் அவ்வளவு பிரியம். ஆனால் அளவு மாறிய ஷூ எந்தப் பயிற்சியிலும் சேராது. அது ஒருவர் பட்டியலைப் பார்க்காததால் வந்தது. பெல்ட் ஒரு விரல் இறங்கினால் எங்களைத் திட்டினார்களே, அந்தக் கண்டிப்பு ஷூ கொடுக்கும் ஸ்டோருக்கும் வேண்டாமா?

ஒவ்வொரு கேடட்டுக்கும் ரெஜிமென்டல் எண் இருக்கிறது. பெயரோடு அதையும் சேர்த்து வாசியுங்கள். ஷூவை முகாமுக்குப் பத்து நாள் முன்பே கொடுங்கள், மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

அக்கா மகளிடம் அந்த எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன், ஷூ வாங்க.