வானத்துக்குத் தெரிகிறது, தாய்மாமனுக்குத் தெரியவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. கோஸ்ட் ஆஃப் சுஷிமா, தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் என்ற இரண்டு வீடியோ கேம்களின் கதையும் முடிவு வரை உள்ளே வருகிறது. இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

இந்த இரண்டும், இவற்றோடு நான் பேசப்போகிற விட்சர் 3ம் உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கேம்கள். விட்சர் 3க்கு 2015இலும், லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 2020இலும் ஆண்டின் சிறந்த கேம் விருது கிடைத்தது. அதே 2020இல் ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது சுஷிமாவை. படம் பிடித்த மாதிரி கிராபிக்ஸ், அருமையான இசை, எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு கன்ட்ரோலரைக் கீழே வைக்கும்போது எனக்கு ஏமாற்றம்தான். கதை ஒரு வழி போகிறது, சண்டை ஒரு வழி போகிறது. கதையில் ஒரு உயிர் போனால் எல்லாரும் உடைந்து போகிறார்கள். என் கையால் நூறு உயிர் போகிறது, ஏன் என்று கேட்க நாதி இல்லை.

சுஷிமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன்மேல்தான் எனக்கு ஆசை அதிகம், கோபமும் அதிகம்.

எங்கள் ஊரான மண்டபம் இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்போம். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தொழில் தென்கடல் பக்கம் போகும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் அப்படியே தலைகீழ். காற்றைக் கேட்காமல் இங்கே ஒரு வல்லம் நகராது. இந்த ஊரில் உட்கார்ந்து, வழிகாட்ட அம்புக்குறி இல்லாமல் காற்றை வைத்தே வழி சொல்கிற ஒரு கேமை ஆடும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டச்பேடில் விரலை மேலே தள்ளினால் காற்று எழும்பும், வெள்ளைப் புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், அந்தப் பக்கம் குதிரையை விட வேண்டியதுதான். முதல் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை.

1274இல் மங்கோலியப் படை கப்பலில் வந்து சுஷிமா தீவில் இறங்கியது நடந்த வரலாறு. கேமும் அந்தக் கொமோடா கரையில்தான் தொடங்குகிறது. முறைப்படி சவால் விட்டு முன்னே போகிற ஒரு சாமுராயை, மங்கோலியத் தலைவன் கோத்துன் கான் மதுவை ஊற்றித் தீவைத்துக் கொளுத்திக் கழுத்தை வெட்டுகிறான். உங்கள் நியாயம் எனக்குச் செல்லாது என்று ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறான். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கதாநாயகன் ஜின் சகாய் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவன். வளர்த்து ஆளாக்கியது ஷிமுரா, அவனுடைய தாய்மாமன். தாய்மாமன் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேருக்கு நேர் நின்று எதிரியின் கண்ணைப் பார்த்து வெட்டு, ஒளிந்திருந்து முதுகில் குத்தாதே. இதுதான் அந்த மாமன் வளர்ப்பு. நான் மாமன் பேச்சைக் கேட்டே ஆடினேன். கேம் கட்டாயப்படுத்துகிற இடங்கள் தவிர எங்கேயும் ஒளிந்து குத்தவில்லை. ஒவ்வொரு முகாமிலும் வாசலில் போய் நின்று சவால் விட்டுத்தான் வாளை உருவினேன்.

என்ன பிரயோஜனம்? ஷிமுரா கோட்டைக் கட்டம் வந்ததும், மாமன் சொல்லை மீறி ஜின் மங்கோலியர்களுக்கு விஷம் வைக்கிறான். நான் வைக்கவில்லை, கேம் வைக்கிறது. நீ இப்படி ஆகிவிட்டாயே என்று மாமன் மனசொடிந்து நிற்கிறார். தீவில் பாதியை நேர்மையாகச் சண்டை போட்டு மீட்டுக் கொடுத்தவனுக்கும், எல்லாரையும் கூரைமேல் இருந்து குத்திக் கொன்றவனுக்கும் அதே திட்டு, அதே கண்ணீர்.

எனக்கு வயிறு எரிவது இதற்குமேல்தான். புகைக்குண்டு, விஷ ஊசி என்று மறைந்து ஆடினால் அந்தத் தீவில் புயலும் மழையும் கூடிக்கொண்டே போகும். நேராக நின்று ஆடினால் வானம் தெளிந்திருக்கும். இது கேமிலேயே இருக்கிற ஏற்பாடு. அப்படியென்றால் நான் எப்படிச் சண்டை போடுகிறேன் என்று அதற்கு நன்றாகத் தெரியும். வானத்திடம் சொன்னதை மாமனிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நீ இத்தனை நாள் என் பேச்சைக் காப்பாற்றினாய், இன்று ஏன் இப்படி என்று ஒரே ஒரு வரி அவர் மாற்றிப் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

சண்டை எப்படி? முதலில் பிரமாதம். வாள்காரனுக்கு ஒரு நிலை, கேடயத்துக்கு ஒன்று, ஈட்டிக்கு ஒன்று, தடியனுக்கு ஒன்று என நான்கு நிலைகள். கற்றுக்கொள்கிற வரை நெஞ்சு அடிக்கும். நான்கும் கைக்கு வந்த பிறகு ஈட்டியைப் பார்த்தால் பட்டனை மாற்று, கேடயத்தைப் பார்த்தால் பட்டனை மாற்று, அவ்வளவுதான். பக்கக் கதைகளும் அப்படியே: ஒருவரிடம் பேசு, காலடித் தடம் பார்த்துப் போ, முகாமை அழி, திரும்பி வந்து சோகமாக இரண்டு வார்த்தை கேள். எரிந்து கிடக்கிற ஊருக்குள் நுழைகிறேன். வாசலில் பிணம். என் விரல் R2 பட்டனை அழுத்தி அந்த வீட்டுக்குள் இருக்கிற சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. ஜின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, ஏனென்றால் அது நடுவில் படம் மாதிரி ஓடுகிற கட்சீன் இல்லை.

இங்கே ஒரு வல்லம் சொன்ன நேரத்துக்குக் கரைக்கு வரவில்லை என்றால் துறை முழுக்க ஆள் நிற்கும். தேடிப் போகிற படகுகளுக்கு யாரும் டீசல் கணக்குப் பார்ப்பதில்லை. போனவர் திரும்புகிற வரை அந்தத் தெருவில் டிவி சத்தம்கூடக் கேட்காது. ஒரு ஆள் இல்லாமல் போவது என்றால் இதுதான் எனக்குத் தெரிந்தது. சாவைப் பற்றித்தான் என் கதை என்று சொல்கிற கேமில் இந்தக் கனத்தை நான் எதிர்பார்ப்பது தப்பே இல்லை.

அப்படிச் சொல்லிக்கொண்டு வந்ததுதான் லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம். அதில் நாம் ஒருவரைக் கொன்றால் கூட இருப்பவர் அவர் பெயரைச் சொல்லிக் கதறுவார். கேட்கும்போது முதுகு சில்லிடும். ஆனால் பக்கத்து அறைக்குப் போனால் இன்னும் ஐந்து பேர், மேசைமேல் துப்பாக்கிக் குண்டு, பாட்டில். புல்லுக்குள் படுத்துத் தவழ்ந்து ஒவ்வொருவராக முடிப்பது அவ்வளவு சுகமாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அப்புறம் நோரா என்ற பெண் வருகிற காட்சி. நாம் ஆடுகிற எல்லி, தான் பழிவாங்கத் தேடுகிற அபி எங்கே என்று அவளை அடித்துக் கேட்க வேண்டும், அதற்கு நான் ஸ்கொயர் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் காட்சி நகராது. அடிப்பதைத் தவிர வேறு வழி வைக்காமல், அடித்த குற்ற உணர்ச்சியை மட்டும் என்மேல் போடுவது என்ன நியாயம்? கடைசியில் சாண்டா பார்பரா கரையில் அபியைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் போய், எல்லி விட்டுவிடுகிறாள். அபியைத் தேடி வருகிற வழியில் பெயரோடு செத்த அத்தனை பேரையும் அந்த மன்னிப்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விட்சர் 3 பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். அதில் வருகிற ரத்தப் பிரபு என்பவரின் குடும்பக் கதை மாதிரி ஒன்றை நான் எந்த கேமிலும் பார்த்ததில்லை. சண்டை மட்டும் சப்பென்று இருக்கும். கவசம் மாதிரி காக்கிற குவென் மந்திரத்தைப் போடு, உருண்டு விலகு, வெட்டு. சாதாரணப் பேய்க்கும் அதுதான், பெரிய பூதத்துக்கும் அதுதான்.

போன தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது, விசைப்படகில் போகிற என் மச்சான் வீட்டுக்கு வந்து சுஷிமா ஆடினான். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டான்: “மச்சான், அடிக்கிறது நல்லாருக்கு. நடுவுல பேசிக்கிட்டே இருக்காங்களே, இத எப்படித் தள்றது?” அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தள்ளிவிட்டாலும் சண்டையில் ஒன்றும் குறையாது என்று அந்த கேமே அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கேம் என்றால் இப்படித்தான், ரொம்ப யோசிக்காதே என்பார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் 2005இலேயே வந்துவிட்டது. நான் ஆடியது 2018இல் பிளேஸ்டேஷன் 4க்குப் புதுப்பித்து வந்ததை. மொத்தமே 16 பூதங்கள், வேறு எதிரியே கிடையாது. ஒவ்வொன்றின் உடம்பிலும் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், பிடி நழுவுகிற வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். குத்தி வீழ்த்தினால் வெற்றி இசை வராது, ஒப்பாரி மாதிரி ஒரு இசை வரும். கறுப்பாக ஏதோ கிளம்பி நம் உடம்புக்குள் ஏறும். கொல்லக் கொல்ல, நாம் ஆடுகிற பையனின் முகம் வெளிறிப் போகும். 13ஆவது பூதம் பாலைவனத்துக்கு மேலே பறக்கிறது. அது என்னைத் தாக்கவே இல்லை. அதன் வழியில் அது போகிறது, நான்தான் அம்பு விட்டு இறக்கி, ஏறிக் குத்தினேன். இது தப்பு என்று யாரும் வந்து வசனம் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை, என் கைக்கே தெரிந்துவிட்டது.

சண்டையே இல்லாமல்கூடச் செய்யலாம். 2023இல் வந்த வெண்பா என்ற கேம், 1988இல் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கறை பட்டு அழிந்த சமையல் குறிப்பை வைத்து நாமே யோசித்து இட்லி ஊற்ற வேண்டும். பிறகு மகன் கவின் அதே குறிப்புப் புத்தகத்தைத் தமிழ் தடுமாறிப் படித்துச் சமைக்கும்போது, அவன் எதை இழந்தான் என்று சமைக்கிற நமக்குப் புரிந்துவிடுகிறது. பெரிய பட்ஜெட்டே இல்லாத கேம் அது.

சுஷிமா எடுத்தவர்களே 2025 அக்டோபரில் கோஸ்ட் ஆஃப் யோட்டே கொண்டுவந்தார்கள். 1603இல் நடக்கிற பழிவாங்கும் கதை, அட்சு என்ற பெண், கொல்ல வேண்டியவர்கள் ஆறு பேர். பிளேஸ்டேஷன் 5 வேண்டும் என்பதால் நான் இன்னும் ஆடவில்லை. ஆடி முடித்தவர்கள் கமெண்டில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், மிச்சக் கதை வேண்டாம். அந்த ஆறு பேரில் ஒருவரை நானாக விட்டுவிட்டு வர முடியுமா? வந்தால் அட்சுவைச் சுற்றி இருக்கிறவர்கள் அதைக் கவனிக்கிறார்களா?