எழுத்தாளர் வந்தார், அவர் புத்தகம் வரவில்லை

நம் ஊர்ப் புது நூலகத்தில் வாசகர் வட்டம் சனிக்கிழமை நடத்திய எழுத்தாளர் சந்திப்புக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று இரவு வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் "விழா மாபெரும் வெற்றி, 180 பேர் வருகை" என்று போட்டு, அதற்குக் கீழேயே அடுத்த மூன்று மாத நிகழ்ச்சிப் பட்டியலையும் போட்டிருக்கிறார்கள். ஆறு எழுத்தாளர்கள் வருகிறார்களாம், நல்லது. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவருடைய புத்தகம்கூட இன்றைய தேதியில் நம் புது நூலகத்தின் அலமாரியில் இல்லை. கணினியிலும் தேடி, அலமாரியிலும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அன்று வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்கள் படங்களை மட்டும் பார்த்திருப்பீர்கள். படத்தில் விழாத ஒன்று இருக்கிறது. அன்று பேச வந்த எழுத்தாளர் அம்மா ஏழு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்து, கடைசியில் மைக்கைப் பிடித்து, "என் தொகுப்பிலிருந்து ஏதாவது ஒரு கதையாவது படிச்சவங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு பாலிடெக்னிக் பிள்ளை மட்டும் கை தூக்கினாள். பத்திரிகையில் வந்தபோது ஒரு கதை படித்தாளாம். "மீதிக் கதையெல்லாம் படிக்கணும் மேடம், புத்தகம் இங்க கிடைக்குமா?" என்றாள். அந்த அம்மா திரும்பி நம் நூலகரைப் பார்த்தார். நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிடத்துக்குப் பிறகும் அதை வெற்றி விழா என்று எழுத எப்படி மனது வருகிறது?

நான் சொல்வது ஒன்றுதான். எழுத்தாளர் வருவதற்கு முன்னால் அவர் புத்தகம் வரவேண்டும். நூலகத்துக்கு வரவேண்டும், பதிவேட்டில் ஏறவேண்டும், நாலு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். அதற்குப் பிறகுதான் அழைப்பிதழ் அடிக்க வேண்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பவர்களுக்காகக் கணக்கோடு சொல்கிறேன். அரசு நூலகத்துக்குப் புத்தகம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் ஏன் அவசரப்பட முடியாது என்பது புரியும். கிளை நூலகர் கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு வர முடியாது. பெரும்பகுதி மேலே இருந்து தேர்வாகி, மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து வருகிறது. இந்த வருடம் வெளியான புத்தகம் அந்த வழியில் எப்போது வந்து சேரும் என்று யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆகவே கூட்டத்துக்கு உதவுவது நன்கொடை வழி ஒன்றுதான். அதிலும் வேலை இருக்கிறது. நன்கொடைப் புத்தகத்தைப் பதிவேட்டில் எழுதி, எண் கொடுத்து, முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டி, கணினியிலும் ஏற்றினால்தான் வெளியே கொடுக்கலாம். எண் விழாத புத்தகத்தை யாருக்கும் இரவல் தர முடியாது, தொலைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். நம் நூலகர் தனியாள். மாடிப்படிக்குக் கீழே திறப்பு விழாவுக்கு வந்த கட்டுகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. கூட்டத்துக்கு முதல் நாள் பத்துப் பிரதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் அவர் என்ன செய்வார்?

அதனால் எட்டு வாரம் வேண்டும். முதலில் எழுத்தாளரிடமே பேசுங்கள். "எந்தத் தேதி வருவீர்கள்" என்பதற்கு முன்னால் "எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம், அது இப்போது அச்சில் இருக்கிறதா" என்று கேளுங்கள். இப்போது பல பதிப்பகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அச்சடிக்கின்றன. கையிருப்பு இல்லையென்றால் புதிதாக அடித்து, கட்டி, பார்சல் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். ஒரே தலைப்பில் பத்துப் பிரதி என்று பதிப்பகத்துக்கு நேரடியாகச் சொன்னால் பெரும்பாலும் தள்ளுபடியும் கிடைக்கும். வந்த அன்றே நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். முத்திரை குத்துவது, சீட்டு ஒட்டுவது போன்ற வேலைக்கு வாசகர் வட்டத்திலிருந்து இரண்டு பேர் ஒரு மதியம் போய் உட்கார்ந்தால் போதும், அவர் பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொள்வார்.

பிறகு ஆறு வாரம் புத்தகம் சுற்ற வேண்டும். ஒரே ஒரு பிரதி இருந்து, ஆளுக்கு இரண்டு வாரம் வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் மூன்று பேர்தான் படிக்க முடியும். பத்துப் பிரதியை ஆளுக்கு ஒரு வாரம் என்று நூலகர் அனுமதியோடு கொடுத்தால் அறுபது முறை கை மாறலாம். பாதிப் பேர் தாமதமாகத்தான் திருப்புவார்கள், அது நம் ஊர் வழக்கம். அப்படியும் நாற்பது பேர் படித்திருப்பார்கள். படித்த நாற்பது பேர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு எழுத்தாளர் பேசுகிற பேச்சே வேறு. இன்னொன்று, அந்தப் பிரதிகளை அலமாரிக்குள் செருகிவிட்டால் கதை முடிந்தது. புத்தகம் வழங்கும் மேசைக்குப் பக்கத்தில் அட்டை தெரிகிற மாதிரி தனியாக வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும், படித்தவர்கள் கேள்வியை எழுதிவைக்க. மைக்கைக் கண்டால் நா எழாத மனிதர்கள் நோட்டில் எழுதுவார்கள்.

பழைய வாடகைக் கட்டடத்தில் நூலகம் இருந்த காலத்தில் நடந்த ஒரு கூட்டம் சிலருக்கு நினைவிருக்கும். அன்று மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போய்விட்டது. மொத்தம் ஒன்பது பேர். மூன்றே பிரதிகள், அவையும் கை மாறி மாறி முதுகு கழன்று டேப் ஒட்டியவை. ஆனால் ஒன்பது பேரும் படித்திருந்தார்கள். தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் எழுந்து, "சார், உங்க கதையில அந்தப் பொண்ணு ரவிக்கைக்கு ரெண்டு மீட்டர் துணி வாங்குது. அவ்வளவு எதுக்கு? ஒரு மீட்டர் எடுத்தாலே மிஞ்சுமே" என்றார். அந்த எழுத்தாளர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பிரதியில் அந்த இடத்தைச் சுழித்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பெண் ஏன் துணியைத் திருப்பிக் கொடுத்தாள் என்று ஆரம்பித்த பேச்சு இரண்டு மணி நேரம் போயிற்று. போர்த்துவதற்குப் பொன்னாடை இல்லை, மேடையும் இல்லை. அதைக் கூட்டம் என்று சொல்லலாம்.

இப்போது பளிங்குத் தரை, குளிர்சாதனம், முந்நூறு நாற்காலி எல்லாம் இருக்கிறது.

சனிக்கிழமை ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டு ஐந்து ஐம்பதுக்குத் தொடங்கினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் இரண்டு இரண்டு வார்த்தை, அப்புறம் ஏழு பேர் வாழ்த்துரை. எழுத்தாளர் கையில் மைக் வந்தபோது மணி ஏழு இருபது. ஏழே முக்காலுக்கு அவருக்குப் பேருந்து. இத்தனைக்கும் ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. தேதி முடிவான அன்றே போக, வர இரண்டு டிக்கெட்டும் போட்டிருந்தால் அந்த அம்மா இரவு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து ஊர் போய்ச் சேர வேண்டியதில்லை.

சரி, இதைக் குழுவில் சொன்னபோது எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"புத்தகம் படித்தவர்கள் மட்டும்தான் வரவேண்டுமா, இது என்ன பரீட்சையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. படிக்காதவர்கள் தாராளமாக வரலாம், வரவேண்டும். கூட்டத்தில் கேட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மேலும் படிக்க ஆசைப்பட்ட ஒருத்திதான் அன்று கை தூக்கிக் கேட்டாள். அவளுக்குக் கொடுக்க நம்மிடம் ஒரு பிரதி இல்லை.

"காசுக்கு எங்கே போவது?" மேடையில் ஒன்பது பேருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்தீர்கள். பொன்னாடை 150, நினைவுப் பரிசு 300 என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். 4,050 ரூபாய் ஆகிறது. இருநூறு ரூபாய்ப் புத்தகம் இருபது பிரதி வாங்கலாம். வாசலில் வைத்த ஃப்ளெக்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த ஃப்ளெக்ஸில் எழுத்தாளர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அது வேறு.

"பெரியவர்கள் முயற்சியால்தான் கட்டடமே வந்தது, அவர்களை மதிக்க வேண்டாமா?" மதிப்போம். திறப்பு விழாவில் மதித்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றரை மணி நேரம் மதிக்க வேண்டுமா? கட்டடம் யார் காசு? சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக வசூலாகிறதே, அது ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிற காசு. சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்தப் பத்துப் பைசாவைக் கட்டியவர் யாரும் அன்று மேடையில் இல்லை.

"எழுத்தாளரே சந்தோஷமாகத்தான் போனார்." விருந்துக்கு வந்தவர் சாப்பாடு நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டா போவார்?

நுழைந்தவுடன் சுவரில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறோம். நூலகர் தினமான ஆகஸ்ட் 12-ஆம் தேதி மாலையும் போடுவோம். சீர்காழியில் பிறந்த அந்த மனிதர் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931-ல் வெளியிட்டார். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. அன்று அவர் படத்துக்குக் கீழேதான் ஏழு வாழ்த்துரை நடந்தது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி போன இடத்துக்கெல்லாம் முதலில் போனது புத்தகம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்த 180 பேர் யார்? முன்வரிசை தவிர்த்துப் பாதிப் பேர் மேல்மாடியில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். நாற்காலி காலியாகத் தெரிகிறது என்று அவர்களை எழுப்பிக் கீழே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். குரூப் 4-க்கு உயிரைக் கொடுத்துப் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். சிலர் வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாமல் இங்கே வருகிறார்கள், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து படிக்கட்டில் சாப்பிடுகிறார்கள். இரண்டரை மணி நேரம் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதையும் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். முந்நூறு நாற்காலி போட்டதால் வந்த வினை இது. நாற்பது நாற்காலியை அரைவட்டமாகப் போடுங்கள். நாற்பது பேர் வந்தால் அரங்கு நிறைந்தது. அறுபது பேர் வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஸ்பீக்கர் பெட்டியைப் பேசுபவருக்குப் பின்னால் வைத்துவிட்டு மைக் கத்துகிறது, கத்துகிறது என்றார்கள். மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்க்க வைத்தால் கத்தாது. வெறும் சுவரும் பளிங்குத் தரையும் உள்ள அறையில் சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பேச்சு குழம்பத்தான் செய்யும். நாற்பது பேருக்கு ஒரு பெட்டி, குறைந்த ஒலியில் போதும், அதுவும் காது மந்தமான பெரியவர்களுக்காக. மேல்மாடிப் பிள்ளைகள் மேலேயே படிக்கட்டும்.

பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறார்கள். மாலையில் வைத்தால் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலை பத்தரைக்கு வைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தாளரைக் காட்டுவதானால் முந்நூறு பேரை வெயிலில் உட்கார வைக்காதீர்கள். ஒரே வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஒரு வாரம் முன்பே ஒரு கதையை ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு எழுத்தாளர் திணறுவார், பாருங்கள்.

"இவருக்குக் குறை சொல்வதே வேலை" என்று குழுவில் ஒருவர் எழுதினார். இருபத்து மூன்று பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து படித்தவர்கள். அந்த நூலகத்துக்கு இடம் கேட்டு மனு எழுதியபோது கையெழுத்து வாங்க என்னோடு வீடு வீடாக வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். நூலகம் வேண்டாம் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? எழுத்தாளர் வரக்கூடாது என்றேனா? ஆறு பேர் என்ன, அறுபது பேர் வரட்டும். வரும்போது அவர் புத்தகம் அங்கே இருக்கட்டும் என்று சொன்னேன். இது குறை என்றால், ஆமாம், குறைதான் சொல்கிறேன்.

பட்டியலில் முதல் மூன்று கூட்டங்களுக்கு இனி எட்டு வாரம் கிடைக்காது. தேதியைத் தள்ளி வையுங்கள், எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் மகிழ்வார்கள். நான்காவதாக வரும் நாவலாசிரியருக்கு இன்றிலிருந்து ஒன்பது வாரம் இருக்கிறது. அவருடைய நாவல் அச்சில் இருக்கிறது, பதிப்பகத்தில் விசாரித்துவிட்டேன். பத்துப் பிரதி வேண்டும். ஐந்து என் பொறுப்பு. மீதி ஐந்துக்கு யார் யார் என்று கீழே சொல்லுங்கள். காசாக வேண்டாம், புத்தகமாகவே நூலகரிடம் கொடுத்து, பதிவேட்டில் எண் விழுந்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் பிரதி அந்தப் பாலிடெக்னிக் பிள்ளைக்கு. அவள் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் அவளிடம் சொல்லிவிடுங்கள்.