மாத்திப் பார்க்கலாம் தம்பி

கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 23-வது வளைவில், இடப்பக்கம் ஒடித்துத் திரும்பும் நேரத்தில் என் பைக் செத்தது. முக்கித் திணறி நிற்கவில்லை, யாரோ சாவியைத் திருப்பின மாதிரி பட்டென்று அணைந்தது. பின்னால் பஸ். ஏற்றத்தில் எடை முழுவதும் பின் சக்கரத்தில் இருப்பதால் முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி பின்னோக்கி வழுக்குகிறது. 21 அங்குல முன் சக்கரம், குதிரை உயரத்துக்கு சீட், எனக்கோ தரையில் கட்டைவிரல் மட்டும்தான் படும். டிரைவர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்துவிட்டார்.

ஹேண்டிலை நேராக்கி சுவிட்சை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது சனியன். 31-ல் மறுபடி. 40-ல் மறுபடி. அதற்கு மேல் ஏறவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மண் ரோடு, தார் ரோடு இரண்டுக்கும் ஆகும் என்று சொல்லி விற்கிற ரகம், பிஎஸ் 4 புகை விதி காலத்து கார்புரேட்டர் வண்டி. செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். "சிங்கிள் ஓனர் ப்ரோ, ஷோரூம் கண்டிஷன், வீக்எண்ட் மட்டும்தான் எடுப்பேன்" என்றார் விற்றவர். செயின் ஸ்ப்ராக்கெட் பல் சுறாவுக்கு இருப்பது மாதிரி கூராகிக் கிடந்தது, ஃபோர்க் சீலில் ஆயில் கசிந்தது. அதெல்லாம் பழைய வண்டியில் எதிர்பார்ப்பதுதான். அதற்குப் புலம்பவில்லை.

புலம்பல் அதற்குப் பிறகு நடந்ததற்கு.

முதல் பட்டறை. நான் வாயைத் திறப்பதற்குள் பிளக்கைக் கழற்றிவிட்டார். "பிளக்கு வீக்கு தம்பி, மாத்திப் பார்க்கலாம்." 150 ரூபாய். இரண்டாவது இடத்தில், "கார்புரேட்டர்ல குப்பை. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், தண்ணியை இழுக்கும்." எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது நிஜம்தான். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது தலைவலிதான். ஆனால் பெட்ரோல் வராத வண்டி இருமிக் குலுங்கி, இழுவை குறைந்து அப்புறம்தான் நிற்கும். இது நொடியில் சாகிறது அண்ணே, சாகும்போது வேகம் காட்டுகிற மீட்டரும் சேர்ந்து அணைகிறது அண்ணே என்று சொன்னேன். "கழுவிப் பார்ப்போம்" என்றார். 500.

மீட்டரும் அணைகிறது. இதை நான் நான்கு பட்டறையிலும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். பிளக்குக்கு வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற காயில் போனால் பொறி வராது, மீட்டர் எரியும். பொறியை நேரம் பார்த்து விடுகிற சிடிஐ பெட்டி போனாலும் மீட்டர் எரியும். இரண்டும் ஒரே நேரத்தில் அணைகிறது என்றால் இரண்டுக்கும் கரண்ட் கொண்டு போகிற பொது வழியில் எங்கேயோ அறுபடுகிறது. இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். தெருவே இருட்டானால் நம் வீட்டு பல்பை மாற்ற மாட்டோம் அல்லவா?

மாற்றினார்கள். காயில் 850. பேட்டரி 1,600. கடைசி இடத்தில் சிடிஐ 2,400. பிளக்கையும் கார்புரேட்டரையும் சேர்த்தால் 5,500 ரூபாய். ஒருவர் கூட ஒயரில் மல்டிமீட்டரை வைத்து கரண்ட் வருகிறதா என்று பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலை நேராக வைத்து, பத்து நிமிடம் முறுக்கி, "பாருங்க, சூப்பரா ஓடுது" என்று சாவியைக் கொடுத்தார்கள். ஓடும்யா, நேராக நின்றால் ஓடும்! டவுனில் ஓடுகிற வண்டியின் ஹேண்டிலை யார் முழுசாக ஒடிக்கிறார்கள்? மலையில்தானே ஒடிக்கிறோம்.

போன சனிக்கிழமை ராத்திரி டேங்கைக் கழற்றிவிட்டு, 300 ரூபாய் மல்டிமீட்டரோடு நானே உட்கார்ந்தேன். பேட்டரி 12.6 வோல்ட். சரி. இன்ஜினை முறுக்கினால் 14.1, சார்ஜிங்கும் சரி. அப்புறம் சாவி சுவிட்சிலிருந்து வெளியே போகிற ஒயர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கனெக்டரில் முடிகிற இடத்தில் ஊசியைச் செருகி, ஹேண்டிலை மெதுவாக இடப்பக்கம் தள்ளினேன். 12.4... 12.4... கடைசி இரண்டு விரல்கடை தூரத்தில் 7, 3, பூஜ்யம். வலப்பக்கம் விட்டால் மறுபடி 12.4. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் எலிக்குட்டி முழுங்கின பாம்பு மாதிரி ஒரு வீக்கம். சுற்றியிருந்த கறுப்பு டேப் சூட்டில் உருகி, பலாப்பால் மாதிரி விரலில் இழுபட்டது. பிரித்தால் உள்ளே கூத்து. மெயின் ஒயரின் தோலைப் பல்லால் உரித்திருக்கிறார் மகராசன், கடித்த தடம் அப்படியே இருக்கிறது! அதில் இன்னொரு ஒயரை ஜடை மாதிரி முறுக்கிவிட்டிருக்கிறார். ஃபாக் லேம்ப் மாட்டியிருக்கிறார் போல. விற்கும்போது விளக்கைக் கழற்றிக்கொண்டு ஒயரை மட்டும் எனக்குச் சீதனமாக விட்டுவிட்டார். செம்பெல்லாம் பச்சைக் களிம்பு, முக்கால்வாசி இழை அறுந்து மூன்று நாலு இழையில் உயிர் ஊசலாடுகிறது. ஹேண்டிலை ஒடித்தால் பக்கத்தில் கட்டிய பிளாஸ்டிக் டை அதையும் இழுத்துப் பிரிக்கிறது.

ஃபாக் லேம்ப் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. பேட்டரியிலிருந்து தனி ஒயர், ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அந்தக் காசை மிச்சம் பிடித்து என்னை பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

அழுகினதை வெட்டிவிட்டு, நல்ல ஒயர் கொடுத்து இடுக்கியால் நெரித்து கிரிம்ப் பண்ணி, மேலே சூடு காட்டினால் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஹேண்டில் இரண்டு பக்கமும் போய்வர இடம் விட்டுக் கட்டினேன். 40 ரூபாய். மறுநாள் 70 வளைவும் ஏறி இறங்கினேன், ஒரு இடத்தில் கூட அணையவில்லை. ஒரு குற்றமும் செய்யாத காயில், சிடிஐ, பேட்டரி மூன்றும் அட்டைப் பெட்டியில் படுத்துக் கிடக்கின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

ஆத்திரம் தாங்காமல் பழைய ஓனருக்கு அந்த ஒயரைப் படம் எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "அந்த ஃபாக் லேம்ப் இன்னும் என்கிட்டதான் இருக்கு ப்ரோ, 1,500-க்குத் தர்றேன், வேணுமா?"